விரிசல் இருந்தால் சீக்கிரம் திரும்பும்

நள்ளிரவு ஒன்றரைக்குத்தான் எங்களுக்குப் பாதை கிடைக்கும்.
கடைசி ரயில் ஈப்போ பக்கம் போய்விட்டது.
சுங்காய் ஸ்டேஷனில் ஒரு வெள்ளை விளக்கு,
இருபுறமும் செம்பனை, மழை விட்ட வாடை.
அஸ்ஹார் தள்ளுவண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றுகிறான்.
நான் குழாயைத் திறக்கிறேன்.
முதலில் தண்ணீர்.
கருவிக்கும் இரும்புக்கும் நடுவே
மயிரிழைக் காற்று இருந்தாலும் போதும்,
அலை உள்ளே போக மாட்டேனென்று முரண்டு பிடிக்கும்.

(ஏழு வருடம் ஒரே மெத்தையில்
அப்படித்தான் கிடந்தோம், நவநீதா.)

நேராக இறங்குவது நெட்டலை.
சம்பள நாளில் ஏ.டி.எம். வரிசை மாதிரி:
கடைசி ஆள் முன்னவனை இடிக்க, அவன் அடுத்தவனை இடிக்க,
நெருங்கி, விலகி, நெருங்கி,
இடி மட்டும் கண்ணாடிக் கதவு வரை போய்ச் சேரும்.
ஆட்கள் அவரவர் இடத்தில்.

சாய்வாக இறங்குவது குறுக்கலை.
அது போகும் திசை ஒன்று, இரும்பு அசையும் திசை வேறு.
மற்றதன் வேகத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
தண்ணீருக்குள் அதற்குப் பிழைப்பில்லை,
வளைத்தால் திரும்ப இழுக்கும் உடம்பு வேண்டும் அதற்கு.
ஆனால் தண்டவாளத் தலையில், ஓரமாக,
ஒளிந்திருக்கும் வெடிப்பை
பல நேரம் அதுதான் காட்டிக்கொடுக்கும்.
மெதுவாக வருகிறவர்களை நான் இப்போது மதிக்கிறேன்.

பகலில் தூக்கம் வராமல்
பழைய ஈயக் குட்டையோரம் பைக்கை நிறுத்தினேன் ஒரு நாள்.
இரண்டு பையன்கள். நடுக்குட்டையில் நீல ஜப்பான் சிலிப்பர்.
அதற்கு அப்பால் கல்லெறிந்தால்
அலை அதைக் கரைக்குத் தள்ளிவிடும் என்பது அவர்கள் கணக்கு.
வட்டம் வட்டமாக வந்தது.
சிலிப்பர் ஏறியது, இறங்கியது.
ஏறியது, இறங்கியது.
என் பூட்ஸ் நனைந்தது.
சிலிப்பர் அங்கேயே.
பெரிய கல் போட்டார்கள்.
இன்னும் உயரமாக ஏறி, இன்னும் ஆழமாக இறங்கியது,
அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பசார் மாலாமில்
அப்பம் பாலிக் கடைக்கு முன்னால் நீ எதிரே வந்தாய்.
கூட்டம், ஒதுங்க இடமில்லை.
என் முகட்டில் உன் பள்ளம் விழுந்த அந்த நொடி
நம்மிடம் எதுவுமே இல்லை:
கார் கடன், உன் அம்மாவின் வளையல் விவகாரம்,
நான் உடைத்த அந்தப் போன்.
தட்டையாக நின்றோம்.
"சாப்பிட்டியா?"
"ம்."
பிறகு நீ உன் உருவம் குலையாமல் மீன் கடைப் பக்கம் போனாய்.
நான் என் உருவத்தோடு, ஒரு கிலோ லங்சாட்டோடு.
சந்தித்த அலைகள் ஒன்றையொன்று கடந்த பின்
பழையபடியே போகும் என்கிறது பாடப்புத்தகம்.
சின்ன அலைகளுக்கு மட்டும் என்று
கீழே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இரண்டே முக்கால்.
திரையில் அடிப்பாகத்தின் எதிரொலி, எப்போதும் வரும் இடத்தில்.
சத்தத்தைக் கூட்டினால் முள் உயரும், வேகம் மாறாது.
அதை இரும்பு முடிவு செய்கிறது, நான் அல்ல.
நல்ல இரும்பில் அலை அடிவரை போய்
சொன்ன நேரத்துக்குத் திரும்பும்.
சீக்கிரம் வந்துவிட்டால்
வழியில் ஏதோ உடைந்திருக்கிறது.

பாலத்தைத் தாண்டி நாற்பது அடியில்
ஒரு சின்ன முள், முன்னதாகவே.
வண்டியைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி தண்ணீர் விட்டு,
மறுபடி பார்த்தேன். அங்கேயேதான்.

ஷிஃப்ட் முடியுமுன் நான் வீடு திரும்பிய
அந்தச் செவ்வாய்க்கிழமை.
வாசலில் யாருடையதோ சிவப்பு ஹெல்மெட்.

"பெரிசா, காக்?" என்றான் அஸ்ஹார்.
"ஆறு மில்லி. ரயில் போகலாம்,
மெதுவாகப் போகச் சொல்."
மஞ்சள் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கினேன்.
உள்ளே அந்தக் குட்டிக் குண்டு
கடகடவென்று ஓடியது,
காற்றில், பனைகளில், என் மணிக்கட்டில்.